பேசிக்கொண்டே ஓடும் வேகம்

ஜவ்வாது மலையில் ஒருத்தி ரோட்டில் ஓடினால், யாரையாவது பாம்பு கடித்திருக்க வேண்டும். இல்லை, பஸ் கிளம்பியிருக்க வேண்டும். நதியா மூன்றாவதாக ஒரு காரணத்தைக் கொண்டுவந்தபோது ஊர் அதை லேசில் வாங்கிக்கொள்ளவில்லை.

ராணுவத்தில் பெண்களையும் எடுக்கிறார்கள். கம்ப்யூட்டர் பரீட்சையைக் கீழே போய் எழுதித் தேறிவிட்டாள். மிச்சம் ஓட்டம்தான். ஆயிரத்து அறுநூறு மீட்டர், எட்டு நிமிஷத்துக்குள். ஒரு நொடி கூடினாலும் வந்த பஸ்ஸிலேயே திரும்ப வேண்டியதுதான். அடுத்த வருஷம் வயசு தாண்டிவிடும், ஆகையால் இது ஒன்றுதான் வாய்ப்பு.

போளூர் ரோட்டில் மேடு பள்ளம் இல்லாத ஒரு துண்டைத் தேடிப் பிடித்தாள். கிலோமீட்டர் கல்லில் புறப்பட்டு, அடுத்த கிலோமீட்டர் கல்லையும் தாண்டி, மூன்றாவது குட்டிக் கல்லைத் தொட்டால் கணக்கு சரி. குட்டிக் கற்கள் இருநூறு மீட்டருக்கு ஒன்று. முதல் நாள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பறந்தாள். முதல் கிலோமீட்டரே முடியவில்லை, காலையில் குடித்த கேழ்வரகுக் கூழ் வெளியே வந்துவிட்டது.

அதைவிடப் பெரிய தொல்லை ஜனங்கள். அந்த மலையில் எதிரே வருகிற ஆளை 'எங்க போற' என்று கேட்காமல் யாரும் விடமாட்டார்கள்; கேட்டதற்குப் பதில் சொல்லாமல் போனால் பகை என்று அர்த்தம். சாமைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்த பச்சையம்மா கொத்தைப் போட்டுவிட்டுக் கூடவே ஓடி வந்தாள்.

"இன்னாடீ நதியா, யாருக்கு இன்னா ஆச்சி?"

"ஒண்ணும்... இல்லக்கா... சும்மா..."

"சும்மாவா? சும்மா யாருடீ ஓடுவா?"

ஒரு பதிலுக்கு மூன்று மூச்சு செலவு. வழியில் ஏழெட்டுப் பேர். நுரையீரலில் இருந்ததெல்லாம் விசாரிப்புக்கே போயிற்று.

மூன்றாம் நாள் அவள் அப்பா கோபால்சாமி எதுவும் சொல்லாமல் மொபெட்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். கேட்கிறவர்களுக்கெல்லாம் அவர் பதில் சொன்னார். "மிலிட்டரிக்கி" என்ற ஒரே பதில். அதற்கு மேல் கேட்டால் ஹாரன்.

கோபால்சாமி அப்படிப்பட்ட மனிதர். ஒடுகத்தூருக்குப் புளி கொண்டுபோனால் வியாபாரி முதலில் சொல்லும் விலைக்கே தலையாட்டிவிடுவார். பேரம் பேச வாய் வேண்டுமே! இப்படி ஓர் ஆள் வருஷத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும், கடைக்காரர் டீ சொல்லி, ஃபேனுக்குக் கீழே உட்காரவைப்பார்.

வீட்டிலும் அதே கதைதான். மகனுக்குப் பிள்ளை பிறந்தது என்று மூன்று மாசத்துக்காகத் திருப்பூர் போன நதியாவின் அம்மா மாதம்மாள் மூன்று வருஷமாக அங்கேயே இருந்தாள். இங்கே அப்பாவும் மகளும்.

"சாப்டியா?"

"சாப்டேன்."

அன்றைய பேச்சு அதோடு முடிந்தது.

பள்ளிக்கூடத்துப் பின்புறம் சிக்னல் கிடைக்கிற பாறையில் உட்கார்ந்து நதியா ஒரு வீடியோ பார்த்தாள். ஓட்டம் பழகுகிறவர்கள் முதல் இரண்டு மாதம் வேகத்தைத் தொடவே கூடாதாம். பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம்தான் சரியான வேகமாம். பேச்சு திணறினால் வேகம் கூடுதல் என்று அர்த்தம். யோசனை நல்ல யோசனைதான். யாரோடு பேசுவது என்பதை மட்டும் அந்த ஆள் சொல்லவில்லை. கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்கள். சுவேதா மட்டும் இடுப்பில் பிள்ளையோடு வேலியோரம் நிற்பாள். "ஓடு ஓடு, எனக்கும் சேத்து ஓடு" என்பாள். சேர்ந்து ஓட யாரும் இல்லை.

மறுநாள் மொபெட்டைப் பக்கத்தில் வரச் சொன்னாள்.

"அப்பா, எதுனா பேசு."

"இன்னா பேசறது?"

"எதுனா."

ஒரு குட்டிக் கல் கடந்தது.

"இன்னிக்கி பனி ஜாஸ்தி."

"ஆமா."

"நேத்து கம்மி."

"ஆமா."

அடுத்த கல்லுக்குள் வானிலை தீர்ந்துவிட்டது. அவர் கண்ணால் ரோட்டோரத்தைத் துழாவினார்.

"அது பலா."

"தெரியும்ப்பா."

"யாரு நட்டதுன்னு தெரிமா?"

"யாரு?"

"தெர்ல."

இப்படியே இரண்டு மாசம். பலா, புளி, கடுக்காய் எல்லாவற்றையும் பேசித் தீர்த்தார்கள். மலையில் இருந்த மரங்களை எல்லாம் அறிமுகம் செய்துகொண்டார்களே தவிர, இருவருக்கும் நடுவே இருந்த எதையும் தொடவில்லை. அத்தை மகனை வேண்டாம் என்று அவள் சொன்னதை அவர் எடுக்கவில்லை. அம்மா எப்போது வருவாள் என்று அவள் கேட்கவில்லை. ஆனால் வீடியோக்காரன் சொன்னது பலித்தது. திணறாமல் நாலு கிலோமீட்டர் ஓடினாள். இரண்டு பேரும் பேசிக்கொண்டு போவதைப் பார்த்த பச்சையம்மா, "அப்பனும் பொண்ணும் ரொம்ப ராசி" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தாள்.

மூன்றாம் மாசம் வேகம் ஆரம்பித்தது. இனிப் பேச்சுக்கு மூச்சு கிடையாது. எட்டு நிமிஷம் நாற்பது நொடியில் தொடங்கி, எட்டு இருபதுக்கு வந்து, எட்டு ஒன்பதில் வந்து நின்றது. அங்கேயே நின்றது. என்ன கெஞ்சியும் இரண்டு வாரமாக ஒரு நொடியைக்கூடக் குறைக்க மறுத்தது.

தேர்வுக்கு நாலு நாள் இருந்தபோது கடைசி முறையாக ஓடிப் பார்த்தாள். நேரம் பார்க்கும் போன் அப்பா சட்டைப் பையில். முதல் கிலோமீட்டர் ஐந்து நிமிஷத்தைத் தொட்டது. கால் இருக்கிறது, மூச்சு அறுந்துகொண்டிருக்கிறது. எப்போதும் இந்த இடத்தில்தான் அவள் தளர்வாள்.

மொபெட் பக்கத்தில் வந்தது.

"நதியா, நீ பதில் சொல்லாத. கேட்டுக்கினே ஓடு."

அவள் திரும்பவில்லை.

"உங்கம்மா இனிமே வரமாட்டா. பையங்கிட்டியே இருந்துக்கறேன்னுட்டா. தீவாளிக்கே சொல்ட்டா."

ஒரு குட்டிக் கல் பின்னால் போயிற்று. அவள் வாயைத் திறந்தாள். காற்றுதான் உள்ளே போனது. ஒரு வார்த்தை சொன்னால் ஒரு மூச்சு போகும். ஒரு மூச்சு போனால் கால் பின்னும்.

"நிக்காத! ஓடு. நீ போய்ட்டா வூட்ல நான் ஒருத்தந்தான். எனக்குப் பயமாத்தான் கீது. அத உங்கிட்ட சொல்லாம அனுப்பக்கூடாதுன்னு தோணுச்சி. அவ்ளோதான்."

அழுவதற்கும் அதே காற்றுதான் வேண்டும். அவள் காற்றைக் காலுக்குக் கொடுத்தாள். இரண்டாவது குட்டிக் கல். கண் மங்கி, ரோடு ஒரு கறுப்புப் பட்டையாகத் தெரிந்தது. நின்றுவிடலாம் என்று உடம்பு முழுவதும் சொன்னது. நின்றால் பேசலாம். பேசினால் போகமாட்டாள். அது அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. ஆகவே ஓடினாள்.

மூன்றாவது கல்லைத் தொட்டு, முட்டியில் கைவைத்துக் குனிந்தாள். கோபால்சாமி போனை எடுத்தார். எண் அவர் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். அந்த இடத்தில் வேறு யாராயிருந்தாலும், மகளை வீட்டிலேயே நிறுத்திக்கொள்ள நொடியைக் கொஞ்சம் கூட்டிச் சொல்லிப் பார்த்திருப்பார்கள்.

"ஏழு நாப்பத்தெட்டு" என்றார் உடனே.

அவளுக்கு மூச்சு திரும்ப வெகு நேரம் ஆயிற்று. அவர் அதுவரை வேறு பக்கம் பார்த்தபடி வண்டி மேல் உட்கார்ந்திருந்தார். மூச்சு வந்தது. இப்போது என்ன வேண்டுமானாலும் பேசலாம்.

"நான் போவேன்ப்பா."

"தெரியும். அதான் ஓட்றப்போ சொன்னேன். வூட்ல குந்திக்கினு சொல்லியிருந்தா நீ போயிருக்கமாட்ட."

"தனியா இன்னாப்பா பண்ணுவ?"

அவர் யோசித்துப் பார்த்தார். நிஜமாகவே யோசித்தார். பிறகு வண்டியைக் கிளப்பினார்.

"ஏறு, போலாம்."

"நீ போ. நான் நடந்து வர்றேன்."

அவர் வற்புறுத்தவில்லை. வண்டியைத் திருப்பினார். நாலு மாசமாக அவள் காலுக்கு ஏற்ற மாதிரி உருண்டுகொண்டிருந்த மொபெட் இன்று தன் வேகத்திலேயே போயிற்று. முதல் வளைவுக்குள் சின்னதாகிவிட்டது. பிறகு சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.