படகுக்குப் பின்பக்கம் எது?

1

இந்தக் கதை குளியலறைக் கதவு வாங்கப் போன இடத்தில் எனக்குக் கிடைத்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டையின் பின்தெரு ஒன்றில் தகரக் கூரை போட்ட ஷெட். ஃபைபர் கதவு, தண்ணீர்த் தொட்டி, கிறிஸ்துமஸ் குடிலுக்கு ஒட்டகம், எது கேட்டாலும் செய்து தருவார்கள். முதலாளி பாஸ்கல் என் கதவை எடுத்துவர உள்ளே போனார். அந்த இடைவெளியில் அவர் மனைவி ஜெயசீலி எனக்கு ஸ்டூல் போட்டு, டீ கொடுத்து, நான் கேட்காமலே இதைச் சொன்னார். நான் கதவை மறந்துவிட்டுக் கதையோடு வீடு திரும்பினேன். வீட்டில் எனக்குக் கிடைத்த வரவேற்பை இங்கே எழுதப்போவதில்லை.

முதல் வரியைப் பல விதமாக எழுதிப் பார்த்தேன்.

"பருத்திப்பட்டு ஏரியின் மேல் அன்று காலை மெல்லிய பனி படர்ந்திருக்க" (இல்லை. அன்று மண்டையைப் பிளக்கிற வெயில். பனி என் கைப்பழக்கம்.)

"படகு என்பது மனித வாழ்வின்" (வேண்டாம். இந்த இடத்தில் வாசகர் எழுந்து போய்விடுவார். நானே எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.)

"எட்மண்ட் தன் தங்கை புருஷனோடு பேசுவதில்லை."

இது உட்கார்ந்துகொண்டது. இதிலிருந்தே தொடங்குகிறேன்.

2

எட்மண்ட் தன் தங்கை புருஷனோடு பேசுவதில்லை. தங்கை என்றால் ஜெயசீலி. புருஷன் என்றால் பாஸ்கல். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எட்மண்டுக்கு ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை, தொழிற்சாலைக் குடியிருப்பிலேயே ஜாகை. ஓய்வு பெற்றபின் இருக்கலாமென்று நூம்பலில் ஒரு வீடு கட்டினார். வந்தது வினை.

புதுவீட்டுக்கு மச்சான் முறையில் பாஸ்கல் ஒரு குளியலறைக் கதவைப் பரிசாகக் கொடுத்தார். தன் கையால் செய்த ஃபைபர் கதவு, வான நீலம். வீட்டை மந்திரிக்கப் பங்குச்சாமியார் தீர்த்தத்தோடு வந்து நிற்கிறார், வீட்டுக்காரரைக் காணோம். கடைசி நிமிடத்தில் முகம் கழுவப் போன எட்மண்ட் உள்ளே மாட்டிக்கொண்டார். கதவு மூடியது, திறக்கவில்லை. தள்ளினார்கள், இழுத்தார்கள். செபம் நடந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு "ஆமென்"னுக்கும் உள்ளேயிருந்து எட்மண்டின் குரலும் சேர்ந்து வந்தது. பிறகு கடப்பாரை வந்தது.

வெளியே வந்த எட்மண்ட் சொந்தபந்தம் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "டப்பா கதவு."

பாஸ்கல் சொன்னார்: "கதவு நேராத்தான் கீது. உன் ஊடுதான் கோணல்."

புதுமனை புகுகிற நாளில் வீட்டுக்காரனிடம் சொல்லக்கூடாத வார்த்தை. அன்று நின்றது பேச்சு.

நின்றது அவர்கள் இருவருக்கும்தான். ஜெயசீலிக்கு அன்றுதான் தொடங்கியது. அண்ணன் சொன்னதைப் புருஷனிடம், புருஷன் சொன்னதை அண்ணனிடம். இரண்டும் அப்படியே போனால் குடும்பம் தாங்காது என்பதால் நடுவில் கொஞ்சம் வெட்டி, கொஞ்சம் ஒட்டி அனுப்புவார். "அந்தக் கதவுக்காரன் இன்னும் உயிரோட கீறானா?" என்று அண்ணன் கேட்டால், "அண்ணன் உங்க ஒடம்பு எப்டி கீதுன்னு விசாரிச்சாரு" என்று இங்கே வந்து சேரும். பாஸ்கல் உறுமுவார். அது அங்கே "நல்லாக்கீறேன்னு சொன்னாரு" என்று போகும்.

(எழுதுகிறவன் என்ற முறையில் எனக்குக் கொஞ்சம் பொறாமை. நான் வெட்டி ஒட்டுவதை யாரும் நம்புவதில்லை.)

ஜெயசீலி இப்படி வெட்டி ஒட்டியதற்கு ஒரு காரணமும் இருந்தது. எட்மண்டின் மகள் ஞானகுமாரிக்கு வரன் முடிவாகியிருந்தது. நிச்சயத்துக்கு அத்தையும் மாமாவும் சேர்ந்து வந்து நிற்க வேண்டும். அத்தை மட்டும் வந்தால் மாப்பிள்ளை வீட்டார், "மாமா எங்கே?" என்பார்கள். அந்தக் கேள்விக்கு வெட்டி ஒட்டிச் சொல்லப் பதில் கிடையாது.

3

படகு இங்கேதான் வருகிறது. தாமதம்தான், மன்னிக்கவும்.

தொழிற்சாலைக் குடியிருப்பின் மனமகிழ் மன்றத்துக்கு எட்மண்ட் செயலாளர். மன்றத்துக்கு ஒரு துடுப்புப் படகு வாங்கினார்கள். ஃபைபர் உடம்பு, இரண்டு பேர் ஒருவர் பின் ஒருவராக உட்கார்ந்து வலிக்கலாம். இரண்டு முனையும் ஒரே மாதிரி கூர். அடியில், வால்பக்கம், மீனுக்கு இருப்பது போல இரண்டு சிறிய ஃபின். அவை இருந்தால்தான் படகு நேராகப் போகும், இல்லாவிட்டால் திசை தெரியாமல் அலையும். அதை மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் ஏற்றிவந்து ஏரிக்கரைச் சரளையில் இழுத்து இறக்கினார்கள். ஃபின் இரண்டும் போயிற்று. அதோடு விட்டிருக்கலாம். மன்றத்துப் பெயிண்டர் ஆர்வம் தாங்காமல் அடிப்பக்கம் முழுக்கப் பட்டி பார்த்து, தேய்த்து, பச்சை அடித்துவிட்டார். ஃபின் எந்த முனையில் இருந்தது என்று படகுக்கே மறந்திருக்கும்.

வருகிற ஞாயிறு மன்றத் தலைவர் சண்முகசுந்தரம் படகைத் தொடங்கிவைக்கிறார். ஃபைபர் வேலை தெரிந்த மற்றவர்கள் படகென்றதும் கையை விரித்தார்கள். எட்மண்ட் படகோடு அம்பத்தூருக்கு வந்தார். ஷெட்டுக்குள் வரவில்லை. தெருவில் நின்று தங்கையைக் கூப்பிட்டார்.

"சீலி, இத்த அந்தாளுகிட்ட சொல்லு. ஃபின்னு பின்னாடி வரணும். பேர்லயே கீது பாரு. ஆனா எது பின்னாடின்னு அந்த மரமண்டைக்குத் தெரியாது. துடுப்பு வலிக்கறவன் பின்பக்கத்தப் பாத்துதான் குந்துவான். பஸ் டிரைவர் மாதிரி முன்னாடி பாத்துகினு இல்ல. இவன் கதவையே முன்ன பின்ன மாத்தி வெக்கிறவன், படகையும் மாத்தி வெச்சுடப் போறான். சொல்லிடு."

ஜெயசீலி உள்ளே போனார். பாஸ்கல் ஃபைபர் ஒட்டுகிற ரெசின் பசையைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னா சொல்றான்?"

ஜெயசீலி மனசுக்குள் வெட்டத் தொடங்கினார். மரமண்டை போகட்டும். கதவு போகட்டும். பஸ் டிரைவர் என்பதும் ஏதோ நக்கல்தான், போகட்டும்.

"ஃபின்னு பின்னாடி நல்லா உறுதியா வரணுமாம். உங்க கை வேலைன்னா கவலையே இல்லன்னாரு."

பாஸ்கல் கலக்குவதை நிறுத்தினார். "அவனா சொன்னான்?"

"பின்ன?"

பத்திரிகை ஆசிரியர்கள் என் வாக்கியங்களை வெட்டும்போது, அழகுக்காக வெட்டியதாகத்தான் சொல்வார்கள். இங்கே விஷயம் எட்மண்டின் திட்டுக்குள்ளே இருந்தது. திட்டோடு சேர்ந்து விஷயமும் போயிற்று.

4

பாஸ்கலை ஓர் அரைகுறைத் தொழிலாளியாக எழுதினால் கதைக்கு வசதி. அப்படி ஒரு பக்கம் எழுதியும் பார்த்தேன்: "பாஸ்கல் சோம்பலாக உப்புத்தாளை எடுத்து" என்று. பொய், கிழித்துவிட்டேன். அவர் அந்த வேலையை உயிரைக் கொடுத்துச் செய்தார். மச்சான் முதன்முதலாகப் பாராட்டியிருக்கிறான் அல்லவா?

பின்பக்கத்தைக் கண்டுபிடிக்க அவர் படகை நிமிர்த்தி, அதில் ஏறி உட்கார்ந்தார். பலகையில் உட்கார்ந்து கால்கட்டையில் காலை வைத்தால் முகம் ஒரு பக்கம் பார்க்கிறது. முகம் பார்க்கிற பக்கம் முன்னாடி, முதுகுப்பக்கம் பின்னாடி. உலகத்தில் எந்த வண்டி முதுகைக் காட்டிக்கொண்டு முன்னால் போகிறது?

பிறகு படகைக் கவிழ்த்தார். முதுகுப்பக்கத்து முனையில் பெயிண்டைச் சுரண்டி, ஃபைபர் தெரியும்வரை தேய்த்தார். கண்ணாடித் தூள் பட்டுக் கழுத்தெல்லாம் அரித்தது. ஒட்டுப்பலகையை ஃபின் வடிவத்தில் அறுத்து, மேலே கண்ணாடி நார்ப்பாயை வைத்து, ரெசினைப் பிரஷ்ஷால் ஊட்டினார். காய்ந்ததும் இன்னொரு பாய். அடிப்பாகத்தோடு சேர்கிற மூலையை விரலால் வளைத்து வழித்தார். எதில் மோதினாலும் படகு உடையுமே தவிர ஃபின் கழலாது என்கிற உறுதி.

ஜெயசீலி எட்டிப் பார்த்தார். "அழகா கீதுங்க."

"இத்தப் போய் அவன்கிட்ட சொல்லு," என்றார் பாஸ்கல். "இது மட்டும் எதயும் மாத்தாம சொல்லு."

ஜெயசீலிக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாற்றுவது தெரியுமா இவருக்கு? கேட்கத் தைரியம் வரவில்லை.

5

ஞாயிறு, பூசை முடிந்து எல்லோரும் பருத்திப்பட்டு ஏரிக்கரையில். தலைவர் சண்முகசுந்தரம் திருநெல்வேலிக்காரர், நீச்சல் தெரியாதவர். மாலை போட்ட படகைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு ஒரு யோசனை சொன்னார்.

"நான் ஏறுததுக்கு முன்னால ஒரு வெள்ளோட்டம் பாத்துருவோம். செயலாளர் ஏறுங்க. கூடவே செஞ்சவுகளும் ஏறட்டும். அப்பந்தான எனக்கு நம்பிக்கை வரும்!"

தலைவர் சொல்லை மீற முடியாது. இருவரும் ஏறினார்கள். பாஸ்கல் ஒரு பலகையில், அவர் முதுகைப் பார்த்தபடி அடுத்த பலகையில் எட்மண்ட். படகு கிளம்பியது. கரையில் கைதட்டினார்கள்.

சில வலிப்புகள்தான். படகு தலையை ஒரு பக்கம் திருப்பியது. இருவரும் சேர்ந்து திருத்தினார்கள். மறுபக்கம் திரும்பியது. அழுத்தி வலித்தார்கள். நாய் தன் வாலைத் துரத்துவது போல முழுசாக ஒரு சுற்று சுற்றி, மறுபடி கரையைப் பார்த்து நின்றது.

எட்மண்ட் கரையைப் பார்த்துக் கத்தினார். "சீலி! அந்தாள எடது பக்கம் வலிக்கச் சொல்லு!"

ஜெயசீலி கரையிலிருந்து கத்தினார். "இன்னாங்க! எடது பக்கம் வலிக்கணுமாம்!"

கைநீட்டினால் எட்மண்டைத் தொடக்கூடிய இடத்திலிருந்த பாஸ்கல் பதிலுக்குக் கத்தினார். "யார் எடதுன்னு கேளு!"

"அண்ணே! யாரு எடதுன்னு கேக்கறாரு!"

ஊரே சிரித்தது. தலைவரின் மனைவி பார்வதம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். படகு சுற்றிச் சுற்றி ஏரி நடுவுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஜெயசீலிக்குத் தொண்டை கட்டியது. அவருக்கு அப்போது என்ன தோன்றியிருக்கும் என்று ஒரு முழுப் பத்தி எழுதி வைத்திருந்தேன். அவரிடமே கேட்டேன். "இன்னா தோணும்? கால் வலிச்சுது, குந்திட்டேன்," என்றார். பத்தியை எடுத்துவிட்டேன்.

உட்கார்ந்தார். எட்மண்ட் மறுபடி, "சீலீ!" என்று கூப்பிட்டார். ஜெயசீலி காதில் கை வைத்து, நன்றாகக் கேட்டும், "கேக்கல!" என்று சொன்னார். இன்னொரு தரம் கூப்பிட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

6

ஏரி நடுவில் இரண்டு பேர், அனுப்ப ஆளில்லை. யாராவது முதல் வார்த்தை பேசியாக வேண்டும்.

"மன்னிச்சுடு மச்சான்," என்று பாஸ்கல் (அம்பத்தூரில் எவனும் இப்படிச் சொல்லமாட்டான்.)

இருவர் கண்ணிலும் நீர் (படகில் ஏற்கெனவே போதுமான நீர் ஏறியிருந்தது.)

நடந்தது இது. எட்மண்ட் பாஸ்கலின் முதுகில் பளாரென்று ஒன்று வைத்தார்.

"யோவ்! ஃபின்ன எங்கய்யா வெச்ச?"

"பின்னாடிதான்யா வெச்சேன்!"

"எது பின்னாடி?"

"இன்னா கேள்வி இது? மூஞ்சி இந்தாண்ட கீது. அப்ப பின்னாடி அந்தாண்டதானே?"

எட்மண்ட் தலையில் அடித்துக்கொண்டார். "படகுல முதுகுதான்யா முன்னாடி போவும்! பஸ் டிரைவர் மாதிரி இல்லன்னு படிச்சுப் படிச்சு சொல்லி அனுப்பினேனே!"

"என்கிட்ட எவனும் பஸ் பேச்சே எடுக்கல. என் கை வேலைன்னா கவலையே இல்லன்னு நீ சொன்னியாம்."

"நானா? மரமண்டைன்னு சொன்னேன்யா!"

இருவரும் ஒரே நேரத்தில் கரையைப் பார்த்தார்கள். பச்சைப் புடவையில் ஒரு சிறு புள்ளி, முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"எல்லாம் இவ வேலை," என்றார் எட்மண்ட்.

"அப்ப ஒடம்ப விசாரிச்சது?"

"எந்த ஒடம்ப?"

பாஸ்கல் துடுப்பைத் தூக்கிப் படகுக்குள் வைத்தார். பிறகு, "சர்தான் மச்சான், திரும்பிக் குந்து," என்றார். "ஃபின்னு கீற பக்கமே பின்பக்கம்னு வெச்சுக்குவோம். நாம மாறிக்கலாம்."

அந்தச் சின்னப் படகில் இரண்டு பெரிய உடம்புகள் எழுந்து திரும்புவது எளிதல்ல. படகு ஆடியது. ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். அப்படிப் பிடித்தபடியே கொஞ்ச நேரம் நின்றார்கள், விழுந்துவிடுவோமென்ற பயத்தில். (வேறு காரணம் இருந்ததாக நான் எழுதமாட்டேன். நீங்கள் நினைத்துக்கொள்ளலாம்.) பிறகு உட்கார்ந்து வலித்தார்கள். படகு கோடு போட்டது போல நேராகக் கரைக்கு வந்தது.

தலைவர் வெகுவாகப் பாராட்டினார். ஏறவில்லை.

7

முடிவு.

படகின் பெயரை எதிர்முனையில் எழுதிக் கால்கட்டையை மாற்றி அடித்ததும் அது ஒழுங்கான படகாகிவிட்டது. எட்மண்டும் பாஸ்கலும் பேச ஆரம்பித்தார்கள், நிறுத்த முடியாத அளவுக்கு. ஆனால் இருவருமே ஜெயசீலியோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள். எட்மண்ட் வீட்டுக்கு வந்தால் பாஸ்கல் சொல்வார்: "மச்சான், கொழம்புல உப்பு இல்லன்னு உன் தங்கச்சிகிட்ட சொல்லு." எட்மண்ட் திரும்பி, "உப்பு இல்லியாம்," என்று எதிர்ச்சுவரிடம் சொல்வார். ஜெயசீலி உப்பு டப்பாவைக் கொண்டுவந்து இருவருக்கும் நடுவில் டங்கென்று வைப்பார்.

நிச்சய நாள் வந்தது. விடியற்காலையிலேயே எட்மண்ட் ஆட்டோவோடு வந்து வாசலில் நிற்கிறார். பாஸ்கல் வேட்டி கட்டிச் சட்டை போட்டுத் தயார். ஜெயசீலி பட்டுப்புடவையில், தலை நிறையப் பூவோடு, நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். யாராவது வாயைத் திறந்து "வா" என்று கூப்பிட்டால்தான் எழுந்திருப்பது என்று முடிவு.

இந்த இடத்தில்தான் பாஸ்கல் உள்ளேயிருந்து என் கதவைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஜெயசீலி கதையை நிறுத்தி, டீ டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நிச்சயம் நல்லபடியாக நடந்தது, ஞானகுமாரி இப்போது முகப்பேரில் குடித்தனம் செய்கிறாள் என்பதுவரை பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். கூப்பிட்டது யார் என்று பாஸ்கலைக் கேட்டால் "நான்தான்" என்கிறார். எட்மண்டும் "நான்தான்" என்கிறார். ஜெயசீலி "எவனும் கூப்பிடல" என்கிறார்.

பாஸ்கல் கூப்பிடுவதாக எழுதிப் பார்த்தேன், அசடு வழிந்தது. எட்மண்ட் கூப்பிடுவதாக எழுதினேன், பிரசங்கம் போல இருந்தது. ஜெயசீலி தானாக எழுந்துபோவதாக எழுதியபோது பேனாவே எழுதாமல் நின்றது.

ஆட்டோக்காரர் ஹாரன் அடிக்கிறார். மூன்று பேரும் மூன்று பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு இவர்கள் எல்லோரும் வேண்டியவர்கள், நான் வாயைத் திறந்தால் வம்பு. நீங்கள் வெளியாள். கொஞ்சம் உள்ளே போய் அந்த அம்மாவைக் கூப்பிடுங்களேன்.