கழுத்துப் பிளாஸ்திரி

ஏழு வயது அபியின் இதயமும் நுரையீரலும் செய்ய வேண்டிய வேலையை, சென்னை மருத்துவமனையில் ஓர் இயந்திரம் செய்துகொண்டிருந்தது. சாதாரணக் காய்ச்சலாகத் தொடங்கியது இதயத் தசையைத் தாக்கிவிட்டது. கழுத்தில் செருகிய குழாய்கள் வழியே ரத்தம் வெளியே போய், பிராணவாயு ஏற்றிக்கொண்டு திரும்பியது. இதயம் தேறும்வரை குழாய்ப் பக்கம் கிருமி அண்டக் கூடாது, அதுதான் தம் பெரிய பயம் என்று மருத்துவர் அவளுடைய அப்பா குமரவேலிடம் முதலிலேயே சொல்லியிருந்தார். ஒரு வேளைக்கு ஒருவர்தான் உள்ளே போகலாம். கை கழுவ வேண்டும். பிள்ளையின் விரலைத் தவிர எதையும் தொடக் கூடாது.

குமரவேல் நெய்வேலிச் சுரங்கத்தில் மண் சுமந்து ஓடும் பெல்ட்டைப் பராமரிக்கும் குழுவில் இருந்தான். அந்தக் குழுவில் யார் வீட்டில் நோய் என்றாலும் ஷிப்ட் மொத்தமும் வேன் பிடித்துப் போய்ப் பார்க்கும். முகம் பார்க்காமல் திரும்பினால் போனதாகவே கணக்கில்லை. ஞாயிறு மாலை அவர்கள் வந்து இறங்கியபோது, யாரையும் விடமாட்டார்கள் என்று அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"இன்னா கொமரு, இம்மாந்தூரம் குந்திகினு வந்தவனை லிப்டைப் பார்த்துட்டுப் போகச் சொல்றியா?" என்றார் சிங்காரவேலு. குழுவில் மூத்தவர், குமரவேலின் மனைவி திலகவதியின் பிரசவத்தின்போது ஓடிவந்து ரத்தம் கொடுத்தவர். அவரிடம் மறுக்க மனம் வரவில்லை. பிள்ளைக்குப் பெரியப்பா என்று செவிலியிடம் சொல்லித் தன் முறையை அவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, கண்ணாடிக்கு வெளியே மற்றவர்களோடு நின்றான்.

சிங்காரவேலு கைகளை நன்றாகத்தான் கழுவினார். ஆனால் பிள்ளையைக் கண்டதும் அழுகை முட்டிக்கொண்டு வர, சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, அவள் கழுத்துப் பிளாஸ்திரியின் ஓரம் சற்றே கிளம்பியிருப்பது அவர் கண்ணில் பட்டது. பெல்ட்டில் எது கிளம்பி நின்றாலும் அழுத்திவிட்டுத்தான் நகர வேண்டும். வாழ்நாளெல்லாம் அப்படியே பழகிய கை அது. செவிலி மறுபுறம் மருந்து மாற்றிக்கொண்டிருந்தாள். அவர் கட்டைவிரலால் அந்த ஓரத்தை இதமாக நீவி ஒட்டினார்.

குமரவேல் அதைப் பார்த்தான். கண்ணாடியைத் தட்டியிருந்தால் செவிலி உடனே அந்த இடத்தைச் சுத்தம் செய்து புதுக் கட்டுப் போட்டிருப்பாள். அத்தனை பேர் முன்னால் அவரைத் தலைகுனிய வைப்பதா என்று அவன் கை எழவில்லை. கதைகளில் கேடு நரியின் உருவில் வரும். அதற்குக் கதவைச் சாத்துவது எளிது. இங்கே அது அழுது சிவந்த கண்களோடு வந்திருந்தது.

இரண்டொரு நாளில் காய்ச்சல் ஏறியது. ரத்தத்தில் கிருமி என்றார்கள். குமரவேல் நடந்ததைச் சொன்னபோது மருத்துவர் கோபிக்கவில்லை. அதனால்தான் வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது, எவ்வளவு காத்தாலும் குழாய் போட்ட சில பிள்ளைகளுக்கு வந்துவிடுகிறது என்றார். பிறகு மெதுவாக, "அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார். வேறு மருந்துக்கு அடங்காத கிருமி; கொடுக்கப்போகும் மருந்து செவியைக் கெடுக்கக்கூடும் என்றும் தெரிவித்தார்.

"உசுரு இருந்தா போதுங்க" என்றாள் திலகவதி.

உயிர் தங்கியது. இதயம் தேறி, குழாய்கள் கழன்று, மழைக்காலத்தில் அபி நெய்வேலி குவார்ட்டர்ஸ் வீட்டுக்குத் திரும்பினாள். காடாம்புலியூர் முந்திரிப்பருப்போடு பார்க்க வந்த சிங்காரவேலு, முதுகு காட்டி அமர்ந்திருந்தவளைப் பெயர் சொல்லி அழைத்தார். அவள் திரும்பவில்லை.

"இன்னாம்மா, பெரியப்பா மேல கோவமா?"

"மருந்துனால காது கேக்கலண்ணே" என்றான் குமரவேல்.

"எதுக்கு அப்படி ஒரு மருந்து குடுத்தாங்க?"

திலகவதி கணவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரத்தத்துல கிருமி வந்துடுச்சு. குழாய் போட்டா சில பேருக்கு வருமாம்."

அவர் அபியின் எதிரே தரையில் அமர்ந்து பொட்டலத்தைப் பிரித்து ஒவ்வொன்றாக ஊட்டிவிட்டார். அவள் சிரித்தாள்.

அவர் போன பிறகு, "அவருக்குத் தெரியவே வேணாங்க, நம்மளோட இருக்கட்டும்" என்றாள் திலகவதி. குமரவேல் தலையசைத்தான். பிறகு மகளின் எதிரே போய் நின்று, அவள் நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருந்து, சாப்பிடக் கூப்பிட்டான்.