மரங்கொத்தி காட்டிய சுவர்

2004 ஏப்ரல் 18, ஞாயிற்றுக்கிழமை காலை, விஸ்கான்சின் மாநிலத்தின் ரைஸ் லேக் நகரில், வெர்லின் டெஷ் என்பவர் வீட்டின் பின்சுவரில் ஒரு மரங்கொத்தி மூன்று துளைகள் போட்டது.

அடுத்த வீட்டுச் சமையலறையில் காபி குடித்துக்கொண்டிருந்த ஆரின் ஹோல்டே அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார். முப்பத்தொரு ஆண்டுகள் வீடுகளுக்கு வெளிப்பலகை அடித்து ஓய்வுபெற்றவர் அவர். நல்ல பலகையைப் பறவை கொத்தினால் சத்தம் தெறிக்கும். இது நனைந்த அட்டைப்பெட்டியைத் தட்டுவதுபோல் அமுங்கி ஒலித்தது.

"பலகைக்குள்ள எறும்பு இருக்கு. ஈரம் இல்லாம எறும்பு வராது," என்றார்.

"இத எதுக்கு என்கிட்ட சொல்ற? போய் வெர்லின்கிட்ட சொல்லு," என்றார் மனைவி லவோன்.

ஆரின் போனார். வெர்லின் ஏணியில் நின்று கூரை விளிம்பில் ஒரு பிளாஸ்டிக் ஆந்தையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"புது விருந்தாளி வந்திருக்கான் போல," என்றார் ஆரின்.

"விடிஞ்சும் விடியாம வந்து உயிர வாங்குறான். இந்த ஆந்தையப் பாத்தா ஓடிடுவான், பாருங்க."

ஆரின் ஆந்தையைப் பார்க்கவில்லை. மேலே மழைநீர்க் குழாயின் வளைவு கழன்றிருந்தது. அதன் நேர்கீழே பலகைகளின் அடிவிளிம்பு ஊறிய ரொட்டிபோல் உப்பியிருந்தது. பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. ஆணித் தலைகள் பலகைக்குள் அமிழ்ந்திருந்தன. அந்தச் சுவரை ஒட்டித்தான் பின்பக்க மரமேடை, தரையிலிருந்து ஒன்பது அடி உயரத்தில் நின்றது. வெளிப்பக்கம் அதற்கு மூன்று தூண்கள். வீட்டுப்பக்கம் தூண் கிடையாது. அந்தப் பலகைகளின் மேலேயே வைத்து போல்ட் அடித்த ஒரே ஒரு நீளச் சட்டம்தான் பாதிப் பாரத்தையும் தாங்கியது.

"ஆந்தை நல்ல யோசனைதான்," என்றார் ஆரின். வீட்டுக்குத் திரும்பினார்.

அந்தத் தெருவில் வானிலை பேசுவார்கள், மீன் பேசுவார்கள், கால்பந்து பேசுவார்கள். ஒருவருடைய வீட்டில் குறை இருந்தால் அதை அவர் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. ஆரின் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்.

மே மாத நடுவில் மரங்கொத்தி ஆந்தையின் தலையில் உட்கார்ந்து இளைப்பாறியது. தெருவே சிரித்தது. அதே வாரம் மேடைக்கு அடியில், இரண்டு பலகைகளின் இடுக்கில் நான்கு காளான்கள் முளைத்தன. வெர்லின் அவற்றைச் சுரண்டி எறிந்தார். ஜூன் ஐந்தாம் தேதி அவருடைய மகள் பிரிட்டாவின் பள்ளிப் படிப்பு நிறைவு விருந்து. அறுபது பேராவது வருவார்கள். துளைகளில் பட்டிப் பசை அடைத்து, சுவர் முழுக்க வெள்ளை பெயிண்ட் அடிக்கத் தொடங்கினார்.

ஆரின் மறுபடியும் வேலியோரம் வந்து நின்றார்.

"தெற்குச் சுவரு பாவம்ப்பா. வெயிலும் அதுக்குத்தான், மழையும் அதுக்குத்தான்."

"அதனாலதான் ரெண்டு கோட்டு அடிக்கிறேன். உங்க வீட்டுக்கும் அடிச்சுத் தரட்டுமா?" வெர்லின் சிரித்தார். உள்ளே தொலைபேசி ஒலிக்க, எடுக்கப் போனார்.

ஆரின் சட்டைப்பையிலிருந்து திருப்புளியை எடுத்தார். மேடைச் சட்டத்துக்கு ஒரு விரல் கீழே பலகையில் வைத்து லேசாக அழுத்தினார். நல்ல பலகை என்றால் முனைகூட ஏறாது. இதில் பிடிவரை இறங்கியது. வெளியே இழுத்தபோது கம்பி ஈரமாக இருந்தது. காபித்தூள் நிறத்தில் மரத்தூள் உதிர்ந்தது.

வெர்லினின் காலடிச் சத்தம் கேட்டது. ஆரின் பக்கத்தில் இருந்த பட்டிப் பசையைக் கட்டைவிரலால் எடுத்து, தான் போட்ட துளையை அடைத்து வழித்துவிட்டார்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார் வெர்லின்.

"பெயிண்ட் நல்லாப் பிடிச்சிருக்கு."

இரவுச் சாப்பாட்டின்போது லவோன் கேட்டார். "சொன்னியா?"

"வெயில் மழை பத்திச் சொன்னேன். விருந்துக்கு முன்னாடி அவன் மனச எதுக்கு நோகடிக்கணும்? முடிஞ்சதும் விவரமாச் சொல்லிக்கலாம்."

ஜூன் ஐந்து, சனிக்கிழமை. வெயிலில் சுவர் கண்ணைக் கூசவைத்தது. வந்தவர்கள் எல்லாரும் பன்றியிறைச்சி சாண்ட்விச்சும் உருளைக்கிழங்கு சாலட்டும் தட்டில் வைத்துக்கொண்டு வீட்டைப் புகழ்ந்தார்கள். "புது வீடு மாதிரி ஆக்கிட்டியே, வெர்லின்!" ஆரின் கீழே புல்தரையில் நின்று எதையும் சாப்பிடாமல் சட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மரங்கொத்தி இரண்டு வாரமாக வரவில்லை.

நாலு மணிக்கு யாரோ புகைப்படம் எடுக்கலாம் என்றார்கள். முப்பது பேருக்கு மேல் மேடைக்கு ஏறினார்கள். லவோனும் கேக் தட்டோடு ஏறி, பிரிட்டாவுக்குப் பக்கத்தில் நின்றார். "இன்னும் உள்ள தள்ளுங்க, சுவரோட ஒட்டி நில்லுங்க!" என்று கத்தினார் படம் எடுப்பவர்.

புது பெயிண்டின் குறுக்கே, சட்டத்துக்கு மேல் ஒரு கறுப்புக் கோடு விழுந்தது. ஆரின் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது விரல் அகலம் ஆனது.

"இறங்குங்க!" என்று அலறினார். "சுவரு அழுகியிருக்கு! எல்லாரும் இறங்குங்க!"

சிலர் சங்கடத்தோடு சிரித்தார்கள். "ஆரினுக்குப் பீர் தலைக்கேறிடுச்சு," என்றது ஒரு குரல். வெர்லினின் முகம் சிவந்தது. "விருந்து வீட்ல இப்படியா பேசுவீங்க?" படிக்குப் பக்கத்தில் நின்ற பத்துப் பன்னிரண்டு பேர் மட்டும் இறங்கினார்கள்.

உடைந்த சத்தம் பெரிதாக இல்லை. போல்ட்டுகள் ஈர மரத்திலிருந்து ஒவ்வொன்றாக வழுக்கி வந்தன. மேடையின் வீட்டுப்பக்கம் கீழே சாய, இருபத்திரண்டு பேர் சுவரை நோக்கிச் சரிந்து விழுந்தார்கள்.

பிரிட்டாவுக்கு இடது மணிக்கட்டு முறிந்தது. லவோனுக்கு இடுப்பெலும்பு.

மூன்றாம் நாள் மருத்துவமனைக்கு வந்த வெர்லின் வாசலிலேயே நின்றார். "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா, ஆரின்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"ரெண்டு தடவ சொன்னேனேப்பா..."

"எங்க சொன்ன?" படுக்கையிலிருந்து லவோன் கேட்டார். "விருந்தாளி பத்திப் பேசுன, வெயில் பத்திப் பேசுன. சுவரு பத்தி ஒரு வார்த்தை பேசல. சுவரு கெட்டா அதுவே சொல்லுது. உப்புது, உரியுது, காளான் முளைக்குது. வெர்லின், நீ அதுமேல பெயிண்ட் அடிச்ச. இவன் அதுமேல மரியாதையப் பூசுனான். ரெண்டு பேரும் செஞ்சது ஒரே தப்பு. ஆபத்து இருக்குன்னு தெரிஞ்சா நேரா சொல்லணும். மத்தவங்க மனசு நோகும்னு பாத்தா இடுப்பு உடையும்."

ஆரின் தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டிப் பசையை அதில் எடுத்து அடைத்ததை அப்போதுதான் முதல்முறையாக வெர்லினிடம் சொன்னார். வெர்லின் திரும்பிப் போய்விட்டார்.

அந்தக் கோடையில் ஆரின் திருப்புளியோடு தெருவில் ஒன்பது வீடுகளின் கதவைத் தட்டி, சுவரில் கண்டதைக் கண்டபடி சொன்னார். ஐந்து பேர் பலகைகளை மாற்றினார்கள். இரண்டு பேர் அவரோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். லவோன் அக்டோபரில் ஊன்றுகோலோடு வீடு திரும்பினார்.