உட்காரத் தெரிந்தவரின் மேல்முறையீடு

மனித குலத்தில் உட்காரத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். மற்றவர்கள் நிற்க முடியாமல் மடங்குகிறவர்கள். இதைச் சொன்னவர் அந்த ஒருவரே என்பதால் சந்தேகப்பட ஒன்றுமில்லை.

அவருக்கு நாற்காலிக் கடையில் விற்பனையாளர் வேலை. கடையில் மகாராஜா என்றுதான் கூப்பிடுவார்கள். விலை பேச வாயே திறக்க மாட்டார். வாடிக்கையாளர் எதிரில் போய் உட்காருவார், அவ்வளவுதான். முதுகு சாயும், கை தானாகக் கைப்பிடியில் இறங்கும், ஒரு கால் இன்னொரு காலின் மேல் சத்தமில்லாமல் ஏறும். பார்த்தவர் பர்ஸைத் திறந்துவிடுவார். வீட்டில் உட்கார்ந்து பார்த்து, தனக்கு மட்டும் அந்தக் களை வரவில்லையே என்று நாற்காலியைத் திருப்பிக் கொண்டுவந்தவர்களும் உண்டு.

அப்பேர்ப்பட்டவர் முடி வெட்டப் போன சலூனில் சுழல் நாற்காலி கழன்று, ஆளோடு விழுந்தது. வால் எலும்பில் விரிசல். அதற்குப் பிறகு அவர் உட்கார்ந்தால் முகம் புளியைக் கடித்தது போலாகிவிடும். அந்த முகத்தைப் பார்த்து யார் நாற்காலி வாங்குவார்கள்? முதலாளி அவரைக் குடோனுக்கு மாற்றி, சம்பளத்தைப் பாதியாக்கினார்.

மகாராஜா சலூன்காரர் மேல் வழக்குப் போட்டார். உட்காருவது எல்லோரும் செய்கிற காரியம்தானே என்று சொல்லி, கைப்பிடி இல்லாத நாற்காலி ஒன்று வாங்கப் போதுமான அளவுக்கு நஷ்டஈடு கொடுத்தது கீழ்க் கோர்ட். மகாராஜா கொதித்துப்போய் மேல்முறையீடு செய்தார்.

விசாரணையன்று காலையில் மனைவி நடுவில் ஓட்டை வைத்த காற்றுத் தலையணையை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"என்னது, குளத்துல மிதக்கவா போறோம்? இதுமேல உக்கார்றவனுக்கு முதுகெலும்பே கிடையாதுடி."

"உங்களுக்கு இருக்குங்க. அதோட நுனியிலதான் விரிசல்."

கோர்ட் வாசலில் அவருடைய வக்கீலம்மாவும் கெஞ்சினாள். "சார், அந்தத் தலையணை ஜட்ஜ் கண்ணுல படணும்."

"முடியாது."

"அப்ப நின்னுக்கிட்டே இருங்க. என்ன ஆனாலும் உக்காராதீங்க."

உள்ளே வக்கீலம்மா வாதத்தில் பிய்த்து உதறினாள். இவர் உட்கார்ந்தால்தான் வீட்டில் அடுப்பு எரியும் என்றாள். நீதிபதியே லேசாக உச்சுக்கொட்டினார். "பாவம், அவர் ஏன் நிக்கிறார்? ஒரு நாற்காலி போடுங்க."

சிப்பந்தி கொண்டுவந்தது தேக்கு நாற்காலி. உயர்ந்த முதுகு, செதுக்கிய கைப்பிடி. மகாராஜா நாற்காலியைப் பார்த்தார். நாற்காலியும் அவரைப் பார்த்திருக்க வேண்டும்.

உட்கார்ந்தார். முதுகு சாய்ந்தது, கை இறங்கியது, கால் ஏறியது. எலும்பு உள்ளே கூக்குரலிட்டது. முகத்தில் ஒரு மயிரிழை அசையவில்லை. தட்டச்சுக்காரர் தட்டுவதை நிறுத்தினார். நீதிபதி தன்னையறியாமல் நிமிர்ந்து உட்கார்ந்தார். வக்கீலம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

எதிர்த்தரப்பு வக்கீல் பாதிதான் எழுந்தார். "கனம் நீதிபதி அவர்களே, எனக்கு வேற சாட்சியே வேண்டாம்."

"ரொம்ப அழகா உட்கார்றீங்க," என்றார் நீதிபதி.

"எல்லாரும் சொல்லுவாங்க," என்றார் மகாராஜா.

கீழ்க் கோர்ட் கொடுத்ததே போதும் என்று தீர்ப்பானது.

திரும்பும் பஸ்ஸில் மனைவி பொறுமிக்கொண்டே வந்தாள். "வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"அந்த நாற்காலியப் பாத்தியா நீ?"

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. மகாராஜா முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார். தெரிந்தவர் யாருமில்லை. அவர் கை மெதுவாக மனைவியின் பைக்குள் போனது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பக்கத்திலிருந்து புஸ், புஸ்ஸென்று ஊதுகிற சத்தம் வந்தது.