டாக்டர் சொன்ன வலி

உதயகலாவின் முன்பல் வேரில் சீழ் கட்டியிருந்தது. பல்லைப் பிடுங்க நாகேஸ்வரி மாமி விடவில்லை. தாலிக்குப் பொன்னுருக்க நாள் வைத்தாயிற்று, பொய்ப்பல்லோடு ஒருத்தி தன் மருமகளாக வரக்கூடாது என்றுவிட்டார். அக்கறை என்று நினைத்துவிடாதீர்கள். மகன் கோகுலன் தானாகப் பார்த்துப் பிடித்த பெண் என்பதால் மாமிக்கு அவளைக் கண்ணிலே காட்டக் கூடாது.

நல்லூர்க் கிளினிக் ஒன்றுக்குச் சென்னையிலிருந்து ஒரு டாக்டர் வந்திருந்தார். பல்லைச் சுற்றிய முரசைக் கொஞ்சமாகக் கீறி, வேரின் நுனியை வெட்டிவிட்டு, மெல்லிய எண்டோஸ்கோப்பை உள்ளே விட்டுப் பார்ப்பார். அந்தக் கமரா காண்பதெல்லாம் ரீவியில் பெரிதாகத் தெரியும். அதைப் பார்க்கவென்றே மாமி பண்டத்தரிப்பிலிருந்து பஸ் ஏறி வந்து முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார்.

விறைப்பு ஊசி போட்டு, வாயை இழுத்துப் பிடித்திருந்தார்கள். பழைய வைத்தியத்தில் அடைபடாமல் விட்ட ஓட்டை ஒன்று திரையில் தெரிந்தது. டாக்டருக்குச் சந்தோஷம்.

"இதனாலதான் வலி. பொண்ணுக்கு அடிக்கடி வலி வந்திருக்கணுமே?" என்று மாமியிடம் கேட்டார்.

யாழ்ப்பாணத்தில் பல் நோகும். வலி என்றால் கைகால் இழுத்து நுரை தள்ளுகிற வலிப்பு. மாமி நெஞ்சில் கை வைத்தார்.

"வலியோ? எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே."

சென்னை சீரியல் ஒன்றுவிடாமல் பார்க்கிற மாமிக்கு டாக்டரின் வலி எந்த வலி என்று நன்றாகவே தெரியும். பாவி, தெரிந்துகொண்டுதான் கேட்டார். உதயகலாவுக்கு நாக்கை அசைக்க இடமில்லை. கண்ணீர்தான் வந்தது. விறைப்புப் போதவில்லையாக்கும் என்று டாக்டர் இன்னொரு ஊசி போட்டார்.

வெளியே வந்ததும் மாமி கொழும்பிலிருந்த மகனுக்கு வீடியோ கோல் எடுத்தார். பெட்டைக்கு வலி வாறதாம், டாக்டரே வாயால் சொன்னவர், மறைத்துக் கலியாணம் பேசியிருக்கினம் என்று அழுதார். கோகுலன் நம்பவில்லை. அவளிடம் போனைக் கொடுக்கச் சொன்னான்.

உதயகலாவுக்கு உயிர் வந்தது. ஒரே ஒரு வசனம் சொன்னால் போதும், எல்லாம் சரியாகிவிடும்.

"கலா, உமக்கு வலி இருக்கோ?"

அவள் சொல்லத்தான் பார்த்தாள். விறைத்த உதடு ஒரு பக்கம் கோணியது. வாயில் வைத்திருந்த பஞ்சைத் தாண்டி இரத்தத்தோடு வீணீர் வழிந்தது. தொண்டையிலிருந்து வந்த சத்தம் அவளுக்கே விளங்கவில்லை. இல்லை, இல்லை என்று இரண்டு கையையும் உதறினாள். மாமி போனை இன்னும் கிட்டக் கொண்டுபோய் அவள் வாய்க்கு நேரே பிடித்தார்.

"பார் தம்பி," என்றார் மெதுவாக. "இப்பவும் இழுக்குது."

கோகுலன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"நிப்பாட்டுங்கோ அம்மா," என்றான். "எனக்குப் பாக்கேலாது."