காத்திருப்புக் குழு

றுக்ஸானாவின் வீட்டில் எல்லாரும் சத்தம் போட்டுத்தான் கதைப்பார்கள். மகள் மின்ஹாவுக்கு இரண்டு காதும் சரியாகக் கேட்காது. கைக்குழந்தையாக இருந்தபோதே காதில் சீழ் வடிந்து, ஆறி, திரும்ப வடிந்து, செவிப்பறை ஓட்டையாகிவிட்டது. பக்கத்தில் நின்று உரத்துச் சொன்னால் விளங்கிக்கொள்வாள். வகுப்பில் டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பிவிட்டால் அவளுக்கு அன்றைய பாடம் முடிந்தது. அதனால் சோறு தின்னக் கூப்பிடுவதும், குர்ஆன் ஓதப் போகச் சொல்வதும், செல்லம் கொஞ்சுவதும்கூட அந்த வீட்டில் தோணிக்காரர் கரையைக் கூப்பிடும் குரலில்தான்.

சாய்ந்தமருதில் அதே வளவிலேயே, ஒரு மதில் தள்ளி, தங்கை றிபாவின் வீடு. அவள் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் படிப்பிப்பவள்; இன்னும் கலியாணமாகவில்லை. இரண்டு பேரையும் பெற்ற சபியா உம்மா இளையவளோடு இருந்தார், மூத்தவளின் வீட்டில் சாப்பிட்டார். அக்காவும் தங்கையும் தம்தம் குசினியில் நின்றபடியே மதிலுக்கு மேலால் கதைத்துக்கொண்டு சமைப்பது வழக்கம். கறிக்கு உப்புப் பார்க்க அகப்பைகூட மதில் தாண்டிப் போய் வரும்.

காது கேளாத பிள்ளைகளுக்கான ஆய்வு ஒன்றைத் தொடங்கினார், காது மூக்குத் தொண்டை வைத்தியர் புண்ணியமூர்த்தி. மின்ஹாவைப் போன்ற பிள்ளைகளை அவர் நிறையப் பார்த்திருந்தார். காது கசிந்துகொண்டே இருப்பதால் காதுக்குள் வைக்கும் கேட்புக் கருவி அவர்களுக்குச் சரிவராது. ஆனால், உட்காது நன்றாகவே இருக்கும். சத்தத்தை எலும்பு வழியாகக் கொண்டுபோனால் கேட்கும். பொறியியல் விரிவுரையாளர் ஜுனைட் அதற்கு ஒரு தலைப்பட்டி செய்தான். காதுக்குப் பின்னால் எலும்பில் பதிகிற, பொத்தான் அளவான ஒரு சாமான் அதில் இருந்தது. சத்தம் வந்தால் அது அதிரும். பிள்ளைகளின் படிப்பை அளக்கும் வேலை மைமூனா டீச்சருடையது. அளந்ததை நம்பலாமா கூடாதா என்று சொல்லவேண்டியவள் றிபா.

முதல் கூட்டத்திலேயே றிபா ஒன்றை உறுதியாகச் சொன்னாள். எல்லாப் பிள்ளைக்கும் ஒரேயடியாகக் கொடுத்தால், முன்னேற்றம் பட்டியால் வந்ததா, பிள்ளைக்கு வயது கூடியதால் வந்ததா என்று ஒருவராலும் சொல்ல முடியாது. பாதிப் பேருக்கு இந்த வருடம், மீதிப் பேருக்கு அடுத்த வருடம். யார் எந்தப் பக்கம் என்பதை மனிதர் தீர்மானிக்கக் கூடாது, குலுக்கல்தான் தீர்மானிக்க வேண்டும். மின்ஹா தன் ராத்தாவின் மகள் என்பதையும் அவள் அங்கேயே சொல்லிவிட்டாள். "அப்ப எல்லாருக்கும் முன்னால கொம்பியூட்டர்ல குலுக்குவம்," என்றார் வைத்தியர்.

பெற்றோர் எல்லாரும் வந்திருந்த ஒரு காலையில், பள்ளிக்கூட மண்டபத்தில் றிபா விசையை அழுத்தினாள். திரையில் பெயர்கள் இரண்டாகப் பிரிந்தன. மின்ஹா காத்திருப்புக் குழுவில் இருந்தாள்.

றுக்ஸானா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அப்போது வீரமுனையிலிருந்து வந்திருந்த குணம் என்ற வயல்காரர் றிபாவிடம் வந்தார். அவருடைய மகனும் காத்திருப்புக் குழுதான்.

"மிஸ், உங்கட ராத்தாட பிள்ளையும் எங்கட பக்கமாமே?"

"ஓம்."

அவர் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். "அப்ப சரி மிஸ். அப்ப இதுல களவில்ல," என்றுவிட்டு மகனை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார்.

ஒரு கிழமை கழித்து ஜுனைட் றிபாவின் அறைக்கு வந்தான். "மிஸ், சோதிச்சுப் பாக்கச் செய்த பட்டி ஒண்டு என்ட மேசையில சும்மா கிடக்கு. மின்ஹாவ ஆய்வில இருந்து எடுத்துருவம். இத அவவுக்குக் குடுப்பம். கணக்குல ஒரு பிள்ள குறையும், அவ்வளவுதான்."

அவன் சொன்னதில் கணக்குப் பிழை எதுவும் இல்லை. ஒரு பிள்ளை விலகினால் ஆய்வு உடைந்துவிடாது. ஆனால், குணம் திரையைப் பார்த்து நின்ற நிலை அவள் கண்ணை விட்டுப் போகவில்லை. மின்ஹா பட்டியோடு பள்ளிக்கூடம் போனால் அந்த மனிசனுக்கு என்ன சொல்வது?

"வேணாம் ஜுனைட்," என்றாள். "அவவும் இரிக்கட்டும்."

இதை றுக்ஸானாவிடம் றிபா சொல்லவில்லை. சொன்னவன் ஜுனைட்தான், அதுவும் கபடமில்லாமல். காத்திருப்புக் குழுப் பிள்ளைகளின் கேள்திறனை அளக்க வீடு வீடாகப் போனவன், றுக்ஸானா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு, "நான் அப்பவே மிஸ்ஸுக்கிட்டச் சொன்னன், ஒண்டு சும்மாதான் கிடக்கு எண்டு," என்றான்.

அன்று மாலை றுக்ஸானா தங்கை வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"பட்டி ஒண்டு இரிந்திச்சாமே?"

"ராத்தா, இஞ்ச இரிங்க, சொல்றன்."

"இரிந்திச்சா இல்லியா?"

"இரிந்திச்சு. மற்றப் பிள்ளைகள்ற தாய் தகப்பன்ட முகத்துல நான் எப்பிடி முழிக்கிற ராத்தா?"

"அவங்கட முகத்தப் பாத்தாய். என்ட புள்ளட முகத்தப் பாக்கல்லியேகா நீ."

உம்மா எழுந்து வருவதற்குள் அவள் போய்விட்டாள். அதோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது.

பகைத்துக்கொண்டு ஊரின் மறு கோடிக்குப் போய்விட்டால் ஒரு மாதிரி. இது மதிலுக்கு அந்தப் பக்கம். "மின்ஹா! முகத்தக் கழுவுங்க!" என்று விடியலில் தொடங்கும் ராத்தாவின் குரல், "மின்ஹா! சோறு தின்ன வாங்க!" என்று மத்தியானம் முழுவதும் கேட்கும். றிபா குசினியில் அகப்பையைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிடுவாள். அந்தக் குரலில் ஒரு சொல், ஒரேயொரு சொல், தன் பக்கம் திரும்பாதா என்று இருக்கும். பெருநாளைக்கு ராத்தா செய்த வட்டிலப்பம் தட்டில் வந்தது. உம்மாதான் கொண்டுவந்தார்.

"என்னவும் சொன்னாவா உம்மா?"

"தட்டத் திருப்பி அனுப்பச் சொன்னா," என்றார் உம்மா. பிறகு, "ரெண்டு பேரும் என்ட வயித்துலதான் பிறந்தீங்க. ஒருத்தியும் என்ன மாதிரி இல்ல," என்று முணுமுணுத்துக்கொண்டு போனார்.

ஒருநாள் றிபா உடுப்புக் காயப்போடப் போனபோது மதிலுக்கு மேலால் மின்ஹாவைக் கண்டாள். தையல் மெஷினுக்குப் பக்கத்தில் கிடந்த இலாஸ்டிக் நாடா ஒன்றைத் தலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, வாசற்படியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளுடைய வகுப்பில் பட்டி கிடைத்த பிள்ளை ஒன்று அப்படித்தான் உட்காருமாம். சாச்சி றிபாவைக் கண்டதும் மின்ஹா சிரித்தாள். நாடாவைத் தொட்டுக் காட்டினாள். றிபா ஈர உடுப்பை வாளியிலேயே போட்டுவிட்டு உள்ளே போனாள்.

வருடம் முடிந்தது. பட்டி அணிந்த பிள்ளைகள் வாசிப்பிலும் கணக்கிலும் மற்றவர்களைவிட ஏறத்தாழ முக்கால் வருடப் படிப்பு முன்னால் நின்றார்கள். றிபா கணக்கைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தாள். விடை அசையவில்லை. வைத்தியர் அவளுடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். மைமூனா டீச்சர் அழுதேவிட்டார்.

இனி மற்றப் பிள்ளைகளின் முறை என்றிருந்தபோது, பட்டியில் அதிரும் அந்தப் பொத்தானைச் செய்துகொண்டிருந்த வெளிநாட்டுக் கம்பனி அதைச் செய்வதையே நிறுத்திவிட்டது என்று தெரியவந்தது. வேறு பொத்தானுக்கு ஏற்றபடி ஜுனைட் முழுப் பட்டியையும் திரும்ப வடிவமைக்க வேண்டியிருந்தது. கொடுத்த பிள்ளைகளின் தலையிலிருந்து பிடுங்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. மேசையில் சும்மா கிடந்த அந்த ஒன்றும், பழுதான ஒரு பட்டிக்குப் பதிலாகச் சம்மாந்துறைப் பிள்ளை ஒன்றுக்குப் போயிருந்தது. காத்திருப்பு இரண்டாம் வருடத்துக்குள் நீண்டது.

அந்த இடைவெளியில்தான் றிபா கொழும்பில் ஒரு மாநாட்டில் ஆய்வை வாசித்தாள். பெரிய மண்டபம், நல்ல கைதட்டல். முன்வரிசையில் இருந்த பேராசிரியர் ஒருவர், "காத்திருப்புக் குழுவில் எத்தனை பிள்ளைகள் இடையில் விலகினார்கள்?" என்று கேட்டார். இப்படியான ஆய்வுகளில் விலகுவார்கள், அது வழமை.

"ஒருத்தரும் விலகவில்லை," என்றாள் றிபா. "எல்லாரும் காத்திருந்தார்கள்." தண்ணீர் குடிப்பதுபோல் பாவனை செய்தாள். அடுத்த கேள்வியைக் கூட வந்திருந்த ஜுனைட் எடுத்துக்கொண்டான்.

புதிய பட்டிகள் வந்தன. மைமூனா டீச்சர்தான் பள்ளிக்கூட மண்டபத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் மாட்டினார். றிபா மண்டபத்தின் பின்பக்கத்தில், தாய்மாருக்குப் பின்னால் நின்றாள். குணத்தின் மகன் பட்டியைப் போட்டதும் கூரையில் சுழன்ற காற்றாடியை அண்ணாந்து பார்த்து, அதுவரை கேட்டிராத அந்தக் கிறீச்சுச் சத்தத்துக்குப் பயந்து தகப்பனின் சாரனைப் பிடித்துக்கொண்டான். மின்ஹா பட்டியைக் கழற்றினாள், போட்டாள், கழற்றினாள், போட்டாள். றுக்ஸானா குனிந்து, பழக்கத்தில், "மகள், கேக்குதா!" என்று கத்தினாள். மின்ஹா இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு, "என்னத்துக்கும்மா கத்துறீங்க?" என்றாள்.

மண்டபமே சிரித்தது. றுக்ஸானா சிரித்தபடி அழுதாள். அவளுடைய தோளைத் தொட றிபாவின் கை நீண்டது. நடுவில் ஆட்கள் நின்றார்கள்.

அதற்குப் பிறகு மதிலுக்கு அந்தப் பக்கம் அமைதியாகிவிட்டது. றிபா இதை நினைத்தே பார்த்திருக்கவில்லை. விடியலில் குரல் இல்லை. மத்தியானத்தில் குரல் இல்லை. பிள்ளைக்குக் கேட்கிறதே, இனி யார் கத்துவார்கள்? குசினியில் நின்று காதைக் கூர்மையாக்கிப் பார்த்தாள். பாத்திரம் உரசும் சத்தமும், யாரோ மெல்லக் கதைப்பதும். என்ன கதைக்கிறார்கள் என்று பிடிபடவில்லை. தனக்கென்று வராவிட்டாலும் இதுநாள்வரை ராத்தாவின் குரலைக் கேட்டுக்கொண்டாவது இருந்தாள். இப்போது அதுவும் போயிற்று. நாலைந்து நாள் தாக்குப்பிடித்தாள். பிறகு ஒரு பின்னேரம், எதையும் யோசிக்காமல், உடுத்த உடுப்போடு மதிலைச் சுற்றிப் போய் ராத்தா வீட்டுக் குசினிக்குள் நுழைந்தாள்.

றுக்ஸானா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். கோபப்படவில்லை. வெகுநாளாகக் கேட்க வைத்திருந்ததைக் கேட்பதுபோலக் கேட்டாள்.

"அந்த வருசமே கிடைச்சிருந்தா எவ்வளவு கூடப் படிச்சிருப்பா? நீதானே கணக்குக்காரி. சொல்லு."

றிபாவுக்கு விடை தெரியும். உலகத்திலேயே அதைச் சரியாகத் தெரிந்த ஆட்களில் அவளும் ஒருத்தி. கொழும்பில் அதைச் சொல்லித்தான் கைதட்டு வாங்கினாள்.

"முக்கால் வருசப் படிப்பு," என்றாள். "ஆனா அது சராசரி ராத்தா. ஒரு பிள்ளைக்கு எண்டு எடுத்துச் சொல்ல ஏலா. கூடவும் இரிக்கலாம், குறையவும் இரிக்கலாம்."

"அப்ப ஆருக்குச் சொல்ல ஏலும்?"

"எல்லாப் பிள்ளைக்கும் சேத்து."

"எனக்கு எல்லாப் பிள்ளையும் இல்லியேகா. ஒண்டுதான் இரிக்கி."

றிபா கதவு நிலையில் சாய்ந்தாள். தான் செய்தது பிழை என்று அவளால் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அப்படி அவள் நினைக்கவில்லை. சரி என்று சொல்லவும் நாக்கு எழவில்லை. அந்த முக்கால் வருடத்தை எங்கிருந்தாவது பிடுங்கிக்கொண்டுவந்து அந்தப் பிள்ளையின் மடியில் போட்டுவிட முடிந்தால் போதும் என்றிருந்தது.

"நாளைக்குப் பின்னேரம் அசர் தொழுதிட்டு வாறன்," என்றாள் கடைசியில். "கணக்கும் வாசிப்பும் நான் சொல்லிக் குடுக்கிறன். ஒவ்வொரு நாளும் வாறன்."

றுக்ஸானா வேண்டாம் என்று சொல்லவில்லை. மீன் கழுவிய தண்ணீரை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள்.

மறுநாளிலிருந்து றிபா போனாள். மின்ஹா பின்னத்தில் ஒன்றுமே அறியாமல் இருந்தாள். அரை, கால் என்ற சொற்களையே அவள் வகுப்பில் சரியாகக் கேட்டிருக்கவில்லை. "கால்" என்றதும் தன் காலைப் பார்த்தாள். றொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத்தான் அவளுக்கு விளக்க வேண்டியிருந்தது. றுக்ஸானா அதே அறையில் தையல் மெஷினில் இருப்பாள். தங்கையோடு கதைக்க மாட்டாள். ஆனால் நாலு நாள் போக, நடுவில் ஒரு தூது தொடங்கியது.

"மகள், சாச்சிக்கிட்டக் கேளுங்க, தேத்தண்ணி வேணுமா எண்டு."

"சாச்சி, தேத்தண்ணி வேணுமா?"

"வேணும் எண்டு சொல்லுங்க."

"வேணுமாம் உம்மா."

"சீனி போடவா எண்டு கேளுங்க."

மெல்லிய குரலில் சொன்னதைக் கேட்டு, பிசகாமல் மறு பக்கம் சேர்ப்பதில் மின்ஹாவுக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. உம்மாவின் கேள்வியைக் கொண்டுவருவாள், சாச்சியின் பதிலைக் கொண்டுபோவாள். றிபாவுக்கோ, ராத்தாவின் சொல் ஒன்று தன்னை நோக்கி வருவதே பெரிதாக இருந்தது. பிள்ளை வாயால் வந்தாலும் வரட்டும். வேண்டுமென்றே சீனியைப் பற்றி இரண்டு தரம் கேட்கவைத்தாள்.

ஒருநாள் மின்ஹா எட்டில் மூன்றையும் எட்டில் இரண்டையும் கூட்டிக்கொண்டிருந்தாள். அவளாகவே விடையைக் கண்டுபிடிக்கப்போகிற நேரம். பின்னால் மெஷின் நின்றது.

"மகள், சாச்சிக்கிட்டக் கேளுங்க..."

மின்ஹா பென்சிலை வைத்தாள். உம்மாவை ஒருதரம், சாச்சியை ஒருதரம் பார்த்தாள்.

"சாச்சிக்குக் காது கேக்கும்தானே உம்மா?" என்றாள். "நீங்களே கேளுங்களன். எனக்குக் கணக்கு இரிக்கி."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

றிபா கொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தால் கண் காட்டிக்கொடுத்துவிடும். றுக்ஸானா ஊசிக்கு அடியிலிருந்து துணியை இழுத்தாள், திரும்ப வைத்தாள். பல்லால் நூலைக் கடித்தாள்.

"ராவைக்கு இஞ்ச தின்றியா?" என்றாள். "சூர மீன் ஆணம் காய்ச்சிரிக்கன். உம்மாவும் இஞ்சதான் திம்பா."

"ஓம் ராத்தா," என்றாள் றிபா. இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது.