தலைவர் மண்டியிட்ட ஞாயிறு

செஞ்சி சிந்தனைச் சுடர் மன்றத்தில் இன்றைய தேதிக்கு உறுப்பினர்கள் இரண்டு பேர். ஒருவர் தலைவர், இன்னொருவர் செயலாளர். மற்றவர்களில் பாதிப் பேர் காலமானார்கள், மீதிப் பேர் ஐயப்பனுக்கு மாலை போட்டுக்கொண்டார்கள்.

தலைவர் முருகையன் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். பெயருக்கு முன்னால் 'பகுத்தறிவுப் பேரொளி' என்று போட்டுக்கொள்வார். அந்தப் பட்டத்தை வழங்கும் தீர்மானத்தை முன்மொழிந்தவர் செயலாளர் கோவிந்தசாமி. வழிமொழிய வேறு ஆள் இல்லாததால் பேரொளியே வழிமொழிந்துகொண்டார். மனைவி மணிமொழி இருந்தவரை, "பேரொளி, கடைக்குப் போயி பருப்பு வாங்கியா" என்று அந்தப் பட்டத்துக்கு ஒரு பயன்பாடு இருந்தது. அவள் போனபின் பட்டம் சும்மாதான் இருக்கிறது, அவரைப் போலவே.

மகன் இனியன் கனடாவில். ஞாயிறு காலை போன் வரும். அங்கே அது சனி இரவு.

"சாப்டியா நைனா?"

"சாப்ட்டேன்."

"மாத்திர?"

"போட்டேன்."

"அப்பறம்?"

"அப்பறம் நீதான் சொல்லணும்."

"ஒண்ணுமில்ல நைனா. வச்சிடட்டா?"

இந்தப் பேச்சு இனியனின் கல்யாணத்திலிருந்தே இப்படித்தான் சுருங்கிப்போயிருந்தது. மருமகள் சுவாதி சிங்கவரத்துப் பெண். அவள் வீட்டார் சிங்கவரம் மலைக்கோயிலில்தான் தாலி கட்ட வேண்டும் என்றார்கள். பேரொளி கொள்கையில் உறுதியாக நின்றார். எங்கே நின்றார் என்றால், மலையடிவாரத்தில், ஒரு டீக்கடையில். மேலே மேளம் கொட்டியபோது கீழே அவர் மசால்வடை தின்றுகொண்டிருந்தார். மணிமொழி தனியாகப் படியேறிப் போய் அட்சதை போட்டுவிட்டு வந்தாள். யாரும் சண்டை போடவில்லை. கல்யாண ஆல்பத்தில் அவர் இல்லை, அவ்வளவுதான்.

பொங்கலுக்கு வந்த இனியன் ஒரு விளையாட்டுப் பெட்டியை டிவியில் மாட்டிவிட்டு, அதை அங்கேயே விட்டுப் போனான். வாள், மந்திரம், அரக்கர்கள் என்று ஒரு கேம். வரிசையில் அது நாலாம் பாகம்.

"சும்மாதான இருக்க, ஆடு நைனா. நான் அங்கேருந்தே உன் ஆட்டத்துக்குள்ள வரலாம். சேந்து ஆடலாம்."

சேர்ந்து. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் முருகையன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பாயில் உட்கார்ந்தார்.

ஆட்டம் முதலில் பெயர் கேட்டது. 'பகுத்தறிவுப் பேரொளி' என்று அடித்தார். கட்டத்தில் இடம் போதாமல் 'பகுத்தறி'யோடு நின்றுவிட்டது. பிறகு ஒரு கிழவன் தோன்றி, உடைந்த கிரீடம், துரோகம் செய்த தம்பி, அணைந்த சூரியன் என்று ஆங்கிலத்தில் நீட்டி முழக்கினான். மேடைப்பேச்சுதான். நன்றியுரை ஒன்றுதான் பாக்கி. முருகையனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. முன்பின் தெரியாத வீட்டுப் பந்தியில் உட்கார்ந்ததுபோல் இருந்தது. எல்லாரும் யாரையோ பற்றி விசாரிக்கிறார்கள், யாரென்று கேட்டால் மரியாதையில்லை.

மகனுக்குப் போன் போட்டார். "முதல் மூணு பாகத்துல இன்னாடா நடந்துச்சி?"

"அது யாருக்கும் புரியாது நைனா. நீ நாயப் பாத்தா உருளு."

திரையில் மலைமேல் ஒரு கோட்டை தெரிந்தது. ஜன்னலைத் திறந்தால் ராஜகிரிக் கோட்டை தெரிகிற வீட்டில் இருப்பவருக்கு இதெல்லாம் ஒரு கோட்டையா? கட்டியவன் தண்ணீருக்கு ஒரு குளம்கூட வெட்டவில்லை என்று பார்த்தவுடனே குறை கண்டுபிடித்தார். குறை கண்டுபிடித்துக்கொண்டிருந்தபோதே நாய் வந்தது. உருளுவதற்கான பொத்தானைத் தேடுவதற்குள் கடித்துக் கொன்றுவிட்டது.

செத்தால் பழையபடி கடற்கரையில் எழுந்து, முதலிலிருந்து நடக்க வேண்டும். நடந்தார். செத்தார். நடந்தார். பாதிவழியில், கையில் விளக்கேந்திய ஒரு கல்பெண் சிலை. அதன் அருகே போனால் ஒரு வரி எழும்: மண்டியிடு.

முருகையன் மண்டியிடவில்லை.

"அதுகிட்ட மண்டி போடு நைனா," என்றான் இனியன் அடுத்த ஞாயிறு. "போட்டாதான் செத்தா அங்கேருந்து எழுந்திருப்ப. முக்கியமா, போட்டாதான் என்னக் கூப்புட முடியும். இல்லன்னா கதவே தொறக்காது, நான் வெளியவே நிக்கணும்."

"கூப்புட வேற வழி இல்லியாடா?"

"இல்ல."

"ஒரு பொத்தான அமுத்தி..."

"அந்தப் பொத்தான்தான் நைனா மண்டி போட்றது. சரி வுடு. உனக்குப் புடிக்கலன்னா வேணாம். வச்சிடட்டா?"

அன்றைய மன்றக் கூட்டத்தில் தலைவர் முழங்கினார். "ஒரு கல்லுக்கு முன்னால் மண்டியிட்டால்தான் உயிர் கிடைக்கும் என்றால், அந்த உயிர் நமக்குத் தேவையில்லை!"

திரண்டிருந்த கோவிந்தசாமி, "அப்ப நாயி கடிச்சே சாவு," என்றார்.

அந்த வாரம் முழுவதும் கொள்கைப்படியே செத்தார். நாயைத் தாண்டக் கற்றுக்கொண்டார், ஈட்டிக்காரனிடம் செத்தார். ஈட்டிக்காரனைத் தாண்டினார், பாலத்திலிருந்து தானாகவே விழுந்து செத்தார். ஒவ்வொரு முறையும் கல்பெண்ணைத் தாண்டிப் போகும்போது பேரொளியின் முகம் நேராக இருந்தது, கண் மட்டும் அந்தப் பக்கம் போய்விட்டு வந்தது. ஆள் நடமாட்டமே இல்லாத ஊர் அது. கடற்கரையிலிருந்து பாலம்வரை கடிக்க வருகிறவர்களைத் தவிர வேறு யாரும் இல்லை. வீட்டில் கடிப்பதற்கும் ஆள் இல்லை.

ஞாயிறு காலை. போன் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் சிலைக்கு எதிரே போய் நின்றார். வாசலைப் பார்த்தார். தெருவில் யாரோ கோலமாவு விற்றுக்கொண்டு போனார்கள். பொத்தானை அழுத்தினார்.

திரையில் பகுத்தறி, இரும்புக் கவசம் கலகலக்க, முழங்காலிட்டுத் தலை குனிந்தது.

"இன்னா தலைவரே, கால்ல வுழுந்துட்டியா?"

வடைப் பொட்டலத்தோடு கோவிந்தசாமி உள்ளே நின்றுகொண்டிருந்தார்.

"நான் எங்க வுழுந்தேன்? பொம்ம வுழுந்துச்சி."

"பொம்மைக்குப் பேரு உன் பேராச்சே."

"அது பாதிப் பேருதான்."

கோவிந்தசாமி இதை ஆழ்ந்து யோசித்து, "பாதின்னா பரவால்ல," என்று தீர்ப்பளித்துவிட்டு வடையைப் பிரித்தார்.

திரையில் சிலையின் அடியிலிருந்து வெள்ளை வெளிச்சம் கிளம்பியது. அதிலிருந்து ஒரு வீரன் எழுந்து கையசைத்தான். காதில் மாட்டியிருந்த கருவிக்குள் மகனின் மூச்சு கேட்டது. குக்கர் விசில் கேட்டது. தூரத்தில் சுவாதி, "மாமாவா? போட்டுட்டாரா?" என்று கேட்பதும் கேட்டது.

"போட்டுட்டாரு," என்றான் இனியன். பிறகு குரல் மாறிப்போய், சின்ன வயதில் பேசுகிற மாதிரி கத்தினான். "வா நைனா! என் பின்னாலயே வா! அங்க போகாத, அது பொறி!"

வாசல் காக்கும் ராட்சசனிடம் போனார்கள். மகன் முன்னால் நின்று அடி வாங்கினான், அப்பா பின்னால் போய்க் காலில் குத்தினார். ராட்சசன் சாய்ந்தான். முருகையன் பாயில் எழுந்து நின்றுவிட்டார். "செத்தான்டா! பாத்தியா? நான்தான்டா கடைசி அடி!"

வெள்ளை வீரன் கையைத் தூக்கியபடியே புகையாகக் கரைந்தான்.

"டேய், எங்கடா போற?"

"பெரிய ஆளு செத்துட்டா கூட வந்தவன அனுப்பிடும் நைனா. அதான் ரூலு. சரி, இங்க நேரமாச்சி. வச்சிடட்டா?"

கோட்டை வாசல் திறந்துகிடந்தது. கோவிந்தசாமி கடைசி வடையை மென்றார். ஜெயித்ததற்கு இப்படி ஒரு தண்டனையை எந்த முட்டாள் கண்டுபிடித்தான் என்று முருகையனுக்குப் புரியவில்லை.

வாரம் முழுவதும் அடுத்த பெரிய ஆளிடம் பயிற்சி எடுத்தார். அது காய்ந்த கரும்புச் சோகைபோல் கந்தல் உடுத்திய ஒரு சூனியக்காரி. எப்போது கையைத் தூக்குவாள், எந்தத் தூணுக்குப் பின்னால் போனால் அவள் தீ எட்டாது என்று எல்லாம் பழகிக்கொண்டார். கொல்லப் பழகவில்லை.

ஞாயிறு வந்தது. வாசலைப் பார்க்காமலே மண்டியிட்டார். வெளிச்சம் வந்தது, மகன் வந்தான். சூனியக்காரியின் உயிர்க்கோடு தேய்ந்து தேய்ந்து, நகத்தளவுக்கு வந்தது.

"ஒரு அடி நைனா! போடு!"

முருகையன் தூணைச் சுற்றி ஓடினார்.

"இன்னா பண்ற?"

"இருடா, மூச்சு வாங்குது."

"உனக்கா, பொம்மைக்கா?"

"ரெண்டு பேருக்கும்."

மகனும் கூடவே ஓடினான். சூனியக்காரி இருவரையும் துரத்தினாள். சுற்றிச் சுற்றி ஓடும்போது வேலை பார்த்தபடி பேசுகிறவனைப்போல் இனியன் பேச ஆரம்பித்தான். அங்கே இந்த வருஷம் பனி கெட்டியாக இருக்கிறதாம். பழைய மேனேஜர் போய்விட்டானாம், புதியவள் நல்ல மாதிரியாம். போன ஐப்பசியில் அவனுக்கு நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தானாம்.

"சொல்லவே இல்லியேடா."

"கேட்டா 'சாப்ட்டேன்'னு சொல்ற ஆள்கிட்ட இன்னா சொல்றது?"

இன்னொரு சுற்று ஓடினார்கள்.

"நைனா, நீ வேணும்னே அடிக்கல, இல்ல?"

"கண்ணு சரியாத் தெரிலடா."

இனியன் சிரித்தான். அவனும் அடிக்கவில்லை. இன்னும் சில சுற்று ஓடினார்கள். அப்புறம் சுவாதியின் குரல் கேட்டது. "சோறு ஆறுதுப்பா."

"நான் அடிச்சிடட்டா நைனா?"

"அடிடா. ஆறிப்போவப் போவுது."

அடித்தான். கரைந்தான்.

முருகையன் தனியாக உள்ளே நடந்தார். நீண்ட தாழ்வாரம், பூட்டிய அறைகள். கோடியில் இன்னொரு கல்பெண் விளக்கோடு நின்றிருந்தாள். வரி எழுவதற்கு முன்பே பொத்தானை அழுத்தினார். பகுத்தறி மண்டியிட்டது. அதை எழுப்ப இன்னொரு பொத்தான் உண்டு. அவர் அதைத் தொடவில்லை.

வாசலில் செருப்பு கழற்றும் சத்தம். "தலைவரே, கூட்டத்த ஆரம்பிக்கலாமா?"

"அடுத்த ஞாயித்துக்கு அப்பறம் வச்சிக்கலாம்," என்றார் பேரொளி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.